ஏலச்சாரலுக்கு ஒரு புரொடியூசர்

அருண்பாண்டி ஏறிய மதுரை பஸ்சு போடி பஸ் ஸ்டாண்டை விட்டு முழுசாக வெளியே வருவதற்குள் முத்துக்கண்ணன் சொல்லிவிட்டார்.

“இந்தப் பையன் வேணாம் மாப்ளே.”

டாட்டா காட்டிக்கொண்டிருந்த சிவக்குமாரின் கை பாதியில் நின்றது. பஸ் ஜன்னலில் அருண்பாண்டி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அதனால் சிவக்குமாரும் சிரித்த முகம் மாறாமல், உதட்டை மட்டும் லேசாக அசைத்து, ஏன் என்று கேட்டார்.

“நல்ல பையன்தான். ஆனா பாத்துப் பாத்துப் பேசுறான். நமக்கு ஆகாது.”

அவ்வளவுதான். முத்துக்கண்ணன் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

கேசட் ஓடிய காலத்தில் போடியில் ‘ஏலச்சாரல்’ குழுவைத் தெரியாத ஆள் கிடையாது. பாடுவது முத்துக்கண்ணன், கீபோர்டு சிவக்குமார், கிதார் சோணை. சினிமாப் பாட்டைத் தொடாமல் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடினார்கள். போடிமெட்டு மலையைப் பற்றிய ‘மெட்டுல பனி விழுது’ என்ற அவர்கள் பாட்டை, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஒன்று விடாமல் போட்டார்கள். அந்தப் பாட்டில் ‘விழுது’ என்ற சொல் வரும் இடத்தில் முத்துக்கண்ணன் குரல் விழாது, ஏறும். ஏறி, அங்கேயே நின்று, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். கைதட்டல் எல்லாம் அந்த ஒரு இடத்துக்குத்தான்.

பிறகு கேசட் போயிற்று. சி.டி.யும் போயிற்று. சிவக்குமார் மைக் செட் கடை வைத்தார். சோணை ஜீப்பு வாங்கி போடிமெட்டுக்கு ஆள் ஏற்றினான். முத்துக்கண்ணன் மெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் மூவரும் போய் வாசித்துவிட்டு வருவார்கள்.

இந்த வருஷம் சித்திரை முதல் முத்துக்கண்ணன் ஒரு மாதிரி இருந்தார். கூப்பிட்ட கச்சேரிக்கு ஏதாவது சாக்குச் சொன்னார். குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை என்று அவர் மனைவி மகாராணி சொன்னாள். சிவக்குமாருக்கு அது தாங்கவில்லை. மனுஷன் வாய்ப்பு இல்லாமல் வாடுகிறான் என்று அவருக்குத் தோன்றியது. கடையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய், பழைய பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்துப் புது ஆல்பம் வெளியிடும் ஒரு கம்பெனியின் வாசலில் உட்கார்ந்து, சரி என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்பினார். கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரு நல்ல புரொடியூசரை ஏலச்சாரலே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் குழுவைக் கேட்டுப் பார்த்து, ஆல்பம் செய்யலாம் என்று சொல்ல வேண்டும்.

புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிவக்குமார் புரொடியூசர் தேடுகிறார் என்ற செய்தி பரவியதும், ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். இந்தப் புரொடியூசர் வேறு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தச் சத்தம் இருக்கணும், எது போகணும் என்று முடிவு பண்ணுகிறவர் என்று ஒவ்வொருவரையும் துரத்திப் பிடித்து விளக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தவன்தான் அருண்பாண்டி. அவன் பார்த்துப் பார்த்துப் பேசியதற்குக் காரணம், உண்மையில், சிவக்குமார்.

மைக் செட் கடை மாடியில் பாட்டைக் கேட்டுவிட்டு, கீழே இறங்கும்போது அருண்பாண்டி அவரைத் தனியாகக் கூப்பிட்டிருந்தான். அந்த ‘விழுது’ இடத்தில் அண்ணன் குரல் இப்போது ஏறவில்லை, ஏறுகிற மாதிரி முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார் என்றான். சொன்னது சரிதான். சிவக்குமாருக்கும் கொஞ்ச நாளாகவே தெரியும். ஆனால் இதை முத்துக்கண்ணன் காதில் போட்டால் என்ன ஆகும்? முன்பொரு தரம் தேனியில் ஒரு மைக் செட்காரர், கொஞ்சம் இறக்கிப் பாடுங்களேன் என்று சொன்னதற்கு மேடையை விட்டு இறங்கி, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போன ஆள் அவர். இருக்கிற வாட்டத்தில் இதுவும் சேர்ந்தால் ஆள் படுத்துவிடுவார்.

அதனால் சிவக்குமார் அருண்பாண்டியிடம் கெஞ்சினார். பையனும் இரக்கப்பட்டு முத்துக்கண்ணனிடம் போய், “குரல் அப்படியே இருக்குண்ணே” என்றான். முத்துக்கண்ணன் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

புகழ்ச்சி போதவில்லை, சிவக்குமாருக்கு அப்படித்தான் பட்டது.

அடுத்து கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து ஜோபி வந்தார். இந்த முறை சிவக்குமார் முன்கூட்டியே போனில் பேசி வைத்திருந்தார். பாட்டு எப்படி இருந்தாலும் குரலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, தாராளமாக, கஞ்சத்தனம் இல்லாமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜோபி நல்ல மனுஷர். சொன்னதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டார்.

முத்துக்கண்ணன் அன்றைக்கு வேண்டுமென்றே ‘மெட்டுல பனி விழுது’ பாடினார். வேறு பாட்டு எடுக்கலாமே என்று சிவக்குமார் சொன்னதைக் கேட்கவில்லை. ‘விழுது’ வந்தது. குரல் பாதி ஏறி, இருமலாக முடிந்தது.

ஜோபி எழுந்து நின்று கைதட்டினார்.

“சேட்டா, தேனாணு, தேன். அந்த இருமல்கூட எந்தொரு ஃபீலிங்.”

முத்துக்கண்ணன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனார். சிவக்குமார் பின்னாலேயே ஓடினார். என்ன குறை என்று கேட்டதற்கு முத்துக்கண்ணன் படியில் நின்றபடியே திரும்பிக் கேட்டார்.

“ஏன் மாப்ளே, உள்ளத உள்ளபடி மூஞ்சிக்கு நேராச் சொல்ற ஆளு ஒருத்தர்கூடவா இந்தத் தொழில்ல இல்ல?”

அன்று சாயங்காலம் அவரே ஒரு பெயரைச் சொன்னார். சுஜாதா. சென்னையில் பெரிய புரொடியூசர். யாருக்கும் பயப்படாத பெண்மணி. ஒரு பேட்டியில் பேட்டி எடுத்தவரையே, உங்க குரல் நல்லா இல்லை, கேள்வியை எழுதிக் குடுத்துட்டுப் போங்க என்று சொன்னவர். அந்தப் பேட்டியை முத்துக்கண்ணன் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தம்மா வந்தால் போதும், வேறு யாரும் வேண்டாம் என்றார்.

சிவக்குமாருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. யார் வேண்டுமானாலும் புகழ்ந்துவிடலாம். புகழவே தெரியாத ஒருவர் வாயால் நல்ல பெயர் வாங்க வேண்டும், அதுதான் முத்துக்கண்ணனின் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் நடக்கிற காரியமா?

எதற்கும் பார்ப்போம் என்று அவர் சுஜாதாவுக்குப் போன் போட்டார். எங்கள் பாடகர் கொஞ்சம் மென்மையான மனசுக்காரர், குரலைப் பற்றி எதுவும் பட்டென்று சொல்லிவிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார்.

“நான் ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டு சாயங்காலமே கிளம்பலாம்னு இருந்தேன்” என்றார் சுஜாதா. “இப்படி யாராவது சொன்னாத்தான் நான் கூர்ந்து கேப்பேன். எத்தனை பாட்டு இருக்கோ அத்தனையும் கேக்குறேன்.”

போனை வைத்த சிவக்குமார் கீபோர்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், வழக்கமான கட்டையிலேயே விரல் வைத்து வாசித்தாலும் சுருதி மட்டும் ஒரு படி கீழே போய்விடும். அவர் ஒரு தடவை அழுத்தினார். முத்துக்கண்ணனின் இருமல் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார்.

சோணையிடம் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. கிதாரும் கூடவே இறங்க வேண்டும். சோணை கேட்டுவிட்டு, அண்ணனுக்குத் தெரிந்தால் தன்னை ஜீப்போடு சேர்த்து உருட்டிவிடுவார் என்றான். அண்ணனுக்கு சாஸ்திரம் ஒன்றும் தெரியாது, வாசிக்கிற சுருதியைக் கேட்டு அதன்படி பாடுகிறவர்தானே, கண்டுபிடிக்க மாட்டார் என்று சிவக்குமார் சமாதானம் சொன்னார். சோணை முனகிக்கொண்டே கம்பிகளைத் தளர்த்தினான்.

“துணி காயப்போடலாம்ணே இதுல” என்றான்.

சுஜாதா வந்தார். நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, ஒரு பை, சிரிப்பு கிடையாது. மாடியில் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் முத்துக்கண்ணன் திடீரென்று, மெட்டில் நம்ம ஏலக்காயைக் காயவைக்கிற ஸ்டோருக்குப் போகலாம், பாட்டு பிறந்த இடத்திலேயே அம்மா கேட்கட்டும் என்றார். மேலே சாரலும் குளிருமாக இருந்தது. அந்தக் குளிர் யார் தொண்டையையும் கட்டும். சிவக்குமார் தடுத்துப் பார்த்தார். சுஜாதா ஏற்கெனவே ஜீப்பில் ஏறிவிட்டார். கீபோர்டைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு மகாராணியும் ஏறிக்கொண்டாள்.

மலை அடிவாரத்து முந்தலில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி முத்துக்கண்ணன் ரோஸ்மில்க் கேட்டார். ஐஸ் கூடுதலாகப் போடச் சொன்னார். ஐஸ் தொண்டையைக் கட்டிவிடுமே என்று சிவக்குமார் பயந்தார். பதட்டத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறான் என்று நினைத்து, கடைக்காரர் நீட்டிய டம்ளரை நடுவில் புகுந்து வாங்கித் தானே குடித்தார். முத்துக்கண்ணன் இன்னொன்று சொன்னார். அதையும் சிவக்குமார் குடித்தார். மூன்றாவதையும் குடித்தார்.

“உங்களுக்கு ரோஸ்மில்க்னா உயிரோ?” என்று சுஜாதா கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல சிவக்குமார் வாயைத் திறந்தார். கரகரவென்று காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது.

ஜீப்பு வளைவுகளில் ஏறத் தொடங்கியது. வழியில் சுஜாதா, வாத்தியம் இல்லாமல் ஒரு வரி பாடுங்களேன் என்று முத்துக்கண்ணனிடம் கேட்டார். சிவக்குமார் பின் சீட்டிலிருந்து கையை வீசித் தடுக்கப் பார்த்தார். குரல் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. முத்துக்கண்ணன் இருந்த பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, ‘மெட்டுல பனி’ என்று ஆரம்பித்தார். அதுவும் வழக்கத்தைவிட உயரத்தில்.

சிவக்குமார் முன்னால் எக்கி, ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த சோணையின் தோளைக் கிள்ளினார். சோணை விவரமான ஆள். ‘விழுது’ வந்த நேரம் பார்த்து ஹாரனில் கையை வைத்து அமுக்கினான். குரல் போன இடம் தெரியவில்லை. அடுத்த வரி வந்ததும் ஹாரன் நின்றது. மறுபடி ‘விழுது’ வந்தது. மறுபடி ஹாரன்.

“ரோட்டுல ஒருத்தரையும் காணோமே” என்றார் சுஜாதா.

“யானை வரும்மா” என்றான் சோணை.

“இந்த ரோட்டுலயா?”

“தேவாரம் ஊருப் பக்கத்துல வருது. இங்கிட்டும் வரலாம்ல.”

முத்துக்கண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு சோணையின் முதுகை முறைத்துக்கொண்டு வந்தார். மகாராணி தூக்குச்சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வெளியே பார்த்தாள்.

ஸ்டோரில் ஏலக்காய் காயும் சூடு இருந்தது, வாசனையும் இருந்தது. கீபோர்டை ஒரு மேஜையில் வைத்துச் சிவக்குமார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். முத்துக்கண்ணன் அன்றைக்கு இருந்த வேகத்தைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக ஒரு தடவையும் அழுத்திவிட்டார். சோணைக்குச் சாடை காட்டினார். சோணை இன்னும் கொஞ்சம் கம்பியைத் தளர்த்தினான்.

பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே முத்துக்கண்ணன் லேசாகத் தடுமாறி, கீபோர்டைத் திரும்பிப் பார்த்தார். சிவக்குமார் கூரையைப் பார்த்தார். பாட்டு ஏறியது. ‘விழுது’ வந்தது.

குரல் போய் நின்றது. உடையவில்லை, நடுங்கவில்லை. பழைய கேசட்டில் இருந்த பளபளப்பு இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது. கொஞ்சம் கரடுமுரடாக, ஒரு வயசான மனுஷன் மலை மேல் நின்று தன் ஊரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வாசித்துக்கொண்டிருந்த சிவக்குமாருக்கே மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் இந்தப் பாட்டு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. மூலையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

முடிந்ததும் சுஜாதா இன்னொரு பாட்டு கேட்டார். அப்புறம் இன்னொன்று. இருந்த பாட்டையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, நேராக முத்துக்கண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

“கேசட்ல இருந்த சுருதியை விட நல்லா இறக்கிட்டீங்க.”

சிவக்குமாரின் விரல் கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டது. சோணை கிதாரைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தான்.

“பெரிய பெரிய பாடகருங்களே இந்த முடிவை எடுக்கக் கூச்சப்படுவாங்க” என்றார் சுஜாதா. “பழசையே கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவாங்க. நீங்க உங்க வயசுக்குப் பாடுறீங்க. உங்களுக்கு இப்பதான் குரலே வந்திருக்கு. நான் பண்றேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு ஆல்பம் பத்தாது, வரிசையாக மூன்று பண்ண வேண்டும் என்றார். கம்பெனிக்காரர்கள் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிறவர்கள் இல்லை போலிருக்கிறது. சிங்கப்பூரில் கச்சேரி, துபாயில் கச்சேரி என்று அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டு போனார்கள். சுஜாதா போனைக் கையால் மூடிக்கொண்டு, சரிதானே என்று முத்துக்கண்ணனைக் கேட்டார்.

முத்துக்கண்ணன் சோணையைப் பார்த்தார். சோணை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிவக்குமாரைப் பார்த்தார். குரல் இல்லாத சிவக்குமார் இரண்டு கையையும் கும்பிட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“சரிம்மா” என்றார் முத்துக்கண்ணன்.

பிறகு அவர் வெளியே போய், ரோட்டோரத் தடுப்புச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். கீழே போடி ஊர் மேகத்துக்குள் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், சாரலில் நனைந்துகொண்டிருந்தார். சோணை டீ கொண்டுபோய் நீட்டினான். வாங்கவில்லை.

சிவக்குமாருக்கு சந்தோஷம் எல்லாம் வடிந்துபோயிற்று. தேனி மேடை ஞாபகம் வந்தது. சுருதியை இறக்கியது தெரிந்து மனம் உடைந்துவிட்டான். மூன்று ஆல்பம் கிடைத்து என்ன, முப்பது வருஷச் சிநேகம் போய்விட்டதே. நேராகப் போய்ப் பேசவும் தைரியம் இல்லை, பேசக் குரலும் இல்லை.

ஸ்டோருக்குள் மகாராணி இலை போட்டுப் புளிச்சோறு வைத்துக்கொண்டிருந்தாள். சிவக்குமார் அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டிய தொண்டையால் கிசுகிசுத்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அருண்பாண்டி உண்மையைச் சொன்னதையும், அவன் வாயை அடைத்ததையும் சொன்னார். ஜோபிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். ரோஸ்மில்க், ஹாரன், பொத்தான், எதையும் விடவில்லை. எல்லாம் அவன் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தேன், தாயி, நீதான் அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மகாராணி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். அவரையும், வெளியே நனைந்துகொண்டிருந்த புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க? பாடுனது போதும், விட்டுருவோம்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல மனசு வராமத்தானே, எவனாச்சும் ஒரு புரொடியூசர் தன்னைய வேணாம்னு சொல்லிற மாட்டானான்னு அவரு ஆள் மாத்தி ஆள் வரச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”